திரைத் தேர்வும் நடிப்புச் சுருளும்



ஓவியர் ஒருவர் வேலை தேடிச் செல்லும்போது தம் ஓவியங்களில் சிலவற்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம். சிற்பி தாம் செதுக்கிய சிலை நிற்கும் கோயிலைச் சுட்டிக்காட்டலாம். கவிஞருக்கு ஏட்டுச்சுவடியோ அச்சிட்ட நூலோ துணை நிற்கும். ஆனால் நடிகருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய கலை அவருடைய உடலிலும் குரலிலும் மட்டுமே குடியிருக்கிறது. திரை விழுந்ததும் நடிப்பும் மறைந்துவிடுகிறது. நேற்று ஓர் ஊரில் ஆயிரம் பேரைக் கண்ணீர் விடச் செய்தவர், இன்று அடுத்த ஊரில் ஒரு முதலாளியின் வாசலில் நின்று, 'எனக்கு நடிக்கத் தெரியும்' என்று சொன்னால், அதற்குச் சான்று எங்கே?

இக்கேள்விக்கு இன்றைய நடிகர் தரும் விடைதான் 'ஷோரீல்' என்பது. தாம் நடித்த காட்சிகளில் சிறந்தவற்றைத் தொகுத்து, இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்குமாறு செய்து, இயக்குநரின் பார்வைக்கு அனுப்பும் சிறு படம் அது. அதனை 'நடிப்புச் சுருள்' என்று நாம் அழைக்கலாம். படச்சுருளே இன்று வழக்கொழிந்து வருகிறது. பெயரில் மட்டும் சுருள் நிலைத்திருக்கிறது. இச்சிறு படம் எவ்வாறு தோன்றியது, யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு வந்தது, அதன் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது என்பவற்றை இன்று காண்போம்.

பழைய நாடக மேடையில் இச்சான்று எளிதாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். சிறுவர்கள் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். வாத்தியார் முன்னிலையில் பாட வேண்டும், வசனம் சொல்ல வேண்டும். குரல் எட்டுமா, தாளம் நிற்குமா, பாடம் மனத்தில் தங்குமா என்பவற்றை நேரிலேயே அறிந்துகொள்ளலாம். தேர்வு செய்பவரும் தேர்வுக்கு உட்படுபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நாட்டுக்கு நாடு பெயர்கள் வேறாயினும், உலகெங்கும் நாடக மேடையின் முறை பெரும்பாலும் இதுவே.

திரைப்படம் வந்ததும் இந்த முறை போதாமற் போயிற்று. 1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்று மக்களுக்குப் படங்காட்டினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் திரைப்படம் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. அத்தொழிலில் இறங்கியவர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். கண்ணுக்கு நேரில் தெரியும் முகம் வேறு. படச்சுருளில் பதியும் முகம் வேறு.

இதற்கு ஓர் அறிவியற் காரணமும் உண்டு. அக்காலத்தில் வழங்கிய படச்சுருள் நீல ஒளியை மிகுதியாகவும், சிவப்பு ஒளியைச் சிறிதும் ஏற்காமலும் பதிவு செய்யும் இயல்புடையது. ஆகையால் நீலக்கண் உடைய நடிகையின் விழிகள் திரையில் வெளிறிப்போய்க் காணப்பட்டன. செவ்விதழ்களோ கறுத்துத் தெரிந்தன. நேரில் பேரழகியாக நின்றவர் திரையில் நோயாளி போலத் தோன்றவும் கூடும். எல்லா நிறங்களையும் ஓரளவு ஒழுங்காக ஏற்கும் படச்சுருள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1920-களின் பிற்பகுதியில்தான். எனவே, ஒருவரைப் படத்தில் நடிக்க வைப்பதற்கு முன்பு, சில அடி நீளப் படச்சுருளில் அவரைப் பதிவு செய்து பார்ப்பது வழக்கமாயிற்று. இதுவே 'ஸ்கிரீன் டெஸ்ட்' எனப்படும் திரைத் தேர்வு. இன்றைய நடிப்புச் சுருளுக்கு இதுவே பாட்டன் எனலாம்.

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் நியூயார்க்கில் வெளியாயிற்று. அதில் சில பகுதிகளில் பாத்திரங்கள் பேசவும் பாடவும் செய்தார்கள். அன்றுமுதல் முகத்தேர்வோடு குரல் தேர்வும் சேர்ந்துகொண்டது. வானொலி நிலையத்தில் குரல் தேர்வு நடப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதே அச்சம் அந்நாளில் அமெரிக்கத் திரையுலகம் முழுவதையும் பற்றிக்கொண்டது. சுவீடன் நாட்டிலிருந்து வந்து, ஊமைப் படங்களில் உலகப் புகழ் பெற்றிருந்த கிரெட்டா கார்போவைப் பேச வைப்பதற்குப் படநிறுவனத்தார் 1930 வரை தயங்கினார்கள். அவருடைய அயல்நாட்டு உச்சரிப்பை மக்கள் ஏற்பார்களா என்பதே அவர்களுடைய ஐயம். 'அன்னா கிறிஸ்டி' என்ற படத்தில் அவர் பேசினார்; மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். தேர்வாளரின் அச்சத்துக்கும் மக்களின் விருப்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இனி, திரைத் தேர்வின் இரு முகங்களைக் காட்டும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். இரண்டும் 1930-களில் அமெரிக்காவில் நிகழ்ந்தவை.

முதலாவது, 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு நாயகியைத் தேடிய கதை. மார்கரெட் மிட்செல் எழுதிய அந்நாவல் 1936-இல் வெளிவந்தது. டேவிட் செல்ஸ்னிக் என்னும் தயாரிப்பாளர் ஒரு மாதத்துக்குள்ளாகவே 50,000 டாலர் கொடுத்துப் படமாக்கும் உரிமையைப் பெற்றார். ஸ்கார்லெட் ஓஹாரா என்ற நாயகியாக யார் நடிப்பது? ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேடல் நடந்தது. நாடெங்கும் ஆட்கள் சென்று நூற்றுக்கணக்கான பெண்களை நேரில் கண்டார்கள். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் படக்கருவியின் முன் நிறுத்தப்பட்டார்கள். இத்தேடல் படத்துக்குப் பெரும் விளம்பரமாகவும் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

1938 டிசம்பர் 10-ஆம் நாள் இரவு, நாயகி முடிவாகாத நிலையிலேயே, அட்லாண்டா நகரம் தீப்பற்றி எரியும் காட்சியைப் படமாக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றிரவு செல்ஸ்னிக்கின் உடன்பிறந்தாரான மைரன் செல்ஸ்னிக், விவியன் லீ என்ற ஆங்கில நடிகையை அங்கே அழைத்து வந்தார். நம் நாட்டு டார்ஜிலிங் நகரில் 1913-இல் பிறந்தவர் அவர். சில நாட்களில் அவருக்கும் தேர்வு நடந்தது. 1939 ஜனவரியில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டது.

அத்தேர்வுகளில் சில இன்றும் அழியாமல் இருக்கின்றன. அவற்றைக் காண்பவர்க்கு ஒன்று தெளிவாகும். பல பெண்கள் அதே காட்சியில் அதே வசனத்தைச் சொல்லுகிறார்கள். பலரும் நன்றாகவே சொல்லுகிறார்கள். எனினும் விவியன் லீயிடம் வேறொன்று இருக்கிறது. வசனம் பேசும் நேரத்தைக் காட்டிலும், எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கும் நேரத்தில் அவர் முகம் அதிகமாகச் சொல்லுகிறது. ஆசையும் சினமும் தன்மானமும் ஒன்றன்பின் ஒன்றாக அம்முகத்தில் வந்து போகின்றன. நடிப்பில் பேச்சு பாதி என்றால், கேட்பது மறுபாதி அல்லவா?

இரண்டாவது நிகழ்ச்சி அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. பெர்ல் பக் எழுதிய 'தி குட் எர்த்' என்ற நாவல் சீன உழவர் குடும்பத்தைப் பற்றியது. அதனை எம்.ஜி.எம். நிறுவனம் படமாக்க முனைந்தது. அந்நாளில் அமெரிக்கத் திரையில் புகழ்பெற்ற சீன மரபு நடிகை ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆன்னா மே வாங். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1905-இல் ஒரு சலவைக்கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். உழவன் மனைவியாகிய ஓ-லான் பாத்திரம் தமக்குக் கிடைக்கும் என்று அவர் நம்பினார். 1935-இன் இறுதியில் அவருக்குத் திரைத் தேர்வும் நடந்தது. ஆயினும் அப்பாத்திரம் லூயிசா ரைனர் என்ற ஐரோப்பிய நடிகைக்குச் சென்றது. முகப்பூச்சின் உதவியால் அவர் சீனப் பெண்ணாக நடித்தார். அதற்காக ஆஸ்கர் பரிசும் பெற்றார். கணவனாக நடித்த பால் முனியும் வெள்ளை இனத்தவரே. வெள்ளையரும் பிற இனத்தவரும் திரையில் கணவன் மனைவியாகத் தோன்றுவதை அக்காலத் தணிக்கை நெறிகள் அனுமதிக்கவில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கணவன் பாத்திரத்தை வெள்ளையருக்குக் கொடுத்த அன்றே, சீனப் பெண்ணுக்கு மனைவியின் பாத்திரம் மூடப்பட்டுவிட்டது.

ஆன்னா மே வாங் 1936-இல் தம் முன்னோரின் நாடாகிய சீனாவுக்குப் பயணம் செய்தார். அப்பயணத்தைப் படச்சுருளில் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்துகொண்டார். பிறர் எடுத்த தேர்வு அவரைக் கைவிட்டபோது, தம் கதையைச் சொல்லத் தாமே படக்கருவியை நாடினார் என்று நாம் இதைப் பொருள் கொள்ளலாம். 2022-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. காலம் தாழ்ந்து வந்த மரியாதை அது.

நண்பர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். திரைத் தேர்வு என்பது திறமையை அளக்கும் தராசு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அத்தராசு யாருடைய கையில் இருந்தது? படக்கருவி நிறுவனத்துடையது. சுருள் நிறுவனத்துடையது. காட்சியைத் தேர்ந்தவரும், விளக்கை வைத்தவரும், முடிவைச் சொன்னவரும் நிறுவனத்தாரே. தேர்வு முடிந்ததும் அச்சுருள் அவர்களுடைய பெட்டிக்குள் போய்விடும். நடிகர் அதனை எடுத்துச் சென்று மற்றொருவருக்குக் காட்ட வழியில்லை.

இந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. அந்நாளில் ஹாலிவுட் நடிகர்கள் ஏழாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். நிறுவனம் கொடுத்த வேடத்தை மறுத்தால் தற்காலிகமாக நீக்கி வைப்பார்கள். நீக்கி வைத்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் சேர்த்துவிடுவார்கள். இவ்வாறு ஏழாண்டு என்பது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். 'கான் வித் தி விண்ட்' படத்தில் மெலனி என்ற பாத்திரத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட், வார்னர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். ஏழாண்டு என்றால் நாட்காட்டியின்படி ஏழாண்டுதான் என்று 1944-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரும் படநிறுவனங்கள் திரையரங்குகளையும் தம் கையில் வைத்திருந்த ஏகபோகத்தைக் கண்டித்தது. அதன்பின் தொலைக்காட்சியும் பரவிற்று. நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் முறை சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

விடுதலை வந்தது, அதனுடன் ஒரு கவலையும் வந்தது. ஒரே நிறுவனத்தில் இருந்த வரையில் நடிகரின் திறமையை அந்நிறுவனம் அறிந்திருந்தது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரிடம் தம்மை நிரூபிக்க வேண்டியிருந்தது. இத்தேவைதான் பிற்காலத்தில் நடிப்புச் சுருளைப் பிறப்பித்தது.

அதற்கு முன்பு, திரைத் தேர்வின் வரலாற்றிலேயே மிகவும் இனிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். 1951-ஆம் ஆண்டு. 'ரோமன் ஹாலிடே' என்னும் படத்தை இயக்க இருந்த வில்லியம் வைலர், இளவரசி வேடத்துக்குப் பொருத்தமான பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் சிறு வேடங்களில் நடித்துவந்த ஆட்ரி ஹெப்பர்ன் என்ற 22 வயதுப் பெண்ணுக்கு, லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் தேர்வு நடந்தது. வைலர் அங்கே இல்லை. தேர்வை நடத்தியவர் தோரல்ட் டிக்கின்சன் என்ற இயக்குநர். வைலர் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தார்: காட்சி முடிந்த பின்னும் படக்கருவியை நிறுத்த வேண்டாம் என்பதே அது.

ஹெப்பர்ன் குறித்த காட்சியை நடித்தார். முடிந்துவிட்டது என்று எண்ணி இயல்பு நிலைக்குத் திரும்பினார். சிரித்தார், பேசினார். டிக்கின்சன் அவருடன் உரையாடினார். போர்க்காலத்தில் ஹாலந்து நாட்டின் ஆர்னெம் நகரில் தாம் பட்ட துன்பங்களைப் பற்றி அவர் சொல்லலானார். அத்தனையும் சுருளில் பதிந்தது. அதைப் பார்த்த வைலர் முடிவு செய்துவிட்டார். படம் 1953-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது.

இதன் உட்பொருள் என்ன? நடிப்புத் தேவையில்லை என்பதன்று. அவர் நடித்த காட்சியும் அச்சுருளில் இருந்தது. ஆனால் இயக்குநர் காண விரும்பியது பயின்று வந்த பாடத்தை மட்டும் அன்று. அப்பாடத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரையும் அவர் காண விரும்பினார். இளவரசியின் மிடுக்கும், அதை மறந்து சிரிக்கும் சிறுமியின் எளிமையும் ஒரே முகத்தில் இருக்கின்றனவா என்பதே அவர் தேடிய விடை. அப்படத்தின் கதையும் அதுதானே?

ஏறத்தாழ அதே காலத்தில் நம் சென்னையிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நாடக மேடையில் நூர்ஜஹான் வேடம் பூண்ட ஓர் இளைஞரின் நடிப்பு, தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் முதலியாரின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. அவ்விளைஞர்தான் கணேசன். 'பராசக்தி' படத்துக்கு அவரையே நாயகனாகக் கொண்டார் முதலியார். படப்பிடிப்புத் தொடங்கிய பின், இளைஞர் மிகவும் மெலிந்திருக்கிறார், நாயகனாகத் தேறுவாரா என்ற ஐயங்கள் எழுந்தன. முதலியார் தம் முடிவில் உறுதியாக நின்றார். 1952 அக்டோபர் 17-ஆம் நாள் படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் என்ற பெயர் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. முதலியார் மேடையில் கண்ட அந்த நாடகமே கணேசனுக்கு நடிப்புச் சுருளாக உதவியது. ஐயுற்றவர்கள் உடலைப் பார்த்தார்கள். முதலியார் நடிப்பைப் பார்த்திருந்தார். சான்றை நேரில் கண்ட ஒருவர் உறுதியாக நின்றதால் ஒரு பெருங்கலைஞர் நமக்குக் கிடைத்தார். அவ்வாறு உறுதியாக நிற்க ஒருவரைப் பெறாமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

படக்கருவி சிறியதாகி, காந்த நாடாவில் படம் பதியத் தொடங்கிய பின்னரே நடிகருக்கு அத்தகைய சான்றைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு வந்தது. இம்மாற்றத்துக்கு அடையாளமாக 1970-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். 'தி காட்ஃபாதர்' படத்தின் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா, தலைமைப் பாத்திரத்துக்கு மார்லன் பிராண்டோவை விரும்பினார். பாரமவுண்ட் நிறுவனத்தார் விரும்பவில்லை. பிராண்டோவுக்குத் திரைத் தேர்வு வைக்க வேண்டும் என்றார்கள். இருமுறை அல்ல, பலமுறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒருமுறை அதை வென்றும் இருந்த நடிகருக்குத் தேர்வா? கொப்போலா சிறிய வீடியோ கருவியோடு பிராண்டோவின் வீட்டுக்கே சென்றார். அந்நாளில் நாற்பதுகளில் இருந்த பிராண்டோ, தலைமயிரைக் கறுப்பாக்கிப் பின்னுக்கு வாரினார். கன்னங்களுக்குள் மெல்லிய தாளைத் திணித்துக்கொண்டார். அவர்கள் கண்முன்னே நடுவயது மனிதர் மறைந்து, முதிய தலைவர் ஒருவர் தோன்றினார். அந்நாடாவைக் கண்ட பின் நிறுவனத் தலைவரின் எதிர்ப்புத் தளர்ந்தது.

இங்கே பெரிய அரங்கமோ ஒளியமைப்போ இல்லை. நடிகரின் சொந்த வீடு, கைக்கருவி, சில நிமிட நாடா. திரைத் தேர்வு நிறுவனத்தின் அரங்கை விட்டு நடிகரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

1976-இல் ஜப்பானில் வி.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியில் தாம் தோன்றிய காட்சிகளை நடிகர்கள் பிரதியெடுத்து, வேண்டியவற்றை மட்டும் தொகுத்து, தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். லண்டனில் 1927 முதல் 'ஸ்பாட்லைட்' என்னும் நடிகர் விவரத்தொகுப்பு ஒளிப்படங்களோடு வெளிவந்துகொண்டிருந்தது. ஒளிப்படம் முகத்தைக் காட்டிற்று. கேசட்டோ அம்முகம் அசைவதையும் பேசுவதையும் காட்டிற்று. பின்பு குறுந்தகடு வந்தது, இணையம் வந்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது நேர்முகத் தேர்வுகள் நின்றுபோயின. நடிகர்கள் வீட்டிலேயே கைப்பேசியில் தம்மைப் பதிவு செய்து அனுப்பும் முறை உலகெங்கும் பரவிற்று.

எல்லோருக்கும் வாயில் திறந்துவிட்டதா? ஒரு வகையில் ஆம். மற்றொரு வகையில், முன்பு நிறுவனம் தாங்கிய செலவும் உழைப்பும் இப்போது நடிகரின் தலையில் விழுந்தன. விளக்கும் கருவியும் எதிர்வசனம் படிக்கும் ஆளும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, இத்தகைய சொந்தப் பதிவுகளுக்கு வரம்பு வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. தராசு கைமாறியது உண்மை. அதன் பாரமும் கைமாறிற்று.

உங்களுள் நடிப்பில் நாட்டமுடையோர் சிலர் இருப்பீர்கள். கல்லூரி நாடகத்தில் பரிசு பெற்றிருப்பீர்கள். நாளை நீங்களும் ஒரு நடிப்புச் சுருளைத் தொகுக்கக்கூடும். இதுவரை கண்ட வரலாறு உங்களுக்குச் சொல்லும் சில நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, சுருக்கம். பார்ப்பவர் முன் நூறு சுருள்கள் காத்திருக்கின்றன. முதல் சில நொடிகளிலேயே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே, மிகச் சிறந்த காட்சி முதலில் இருக்க வேண்டும். விருந்தில் பாயசத்தை இறுதியில் வைக்கலாம். இங்கே அது முதல் இலையிலேயே விழவேண்டும். மொத்தம் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். ஐந்து சுமாரான காட்சிகளைக் காட்டிலும் இரண்டு நல்ல காட்சிகள் மேலானவை. சுமாரான காட்சி ஒன்று நல்ல காட்சியின் மதிப்பையும் குறைத்துவிடும்.

இரண்டாவது, தெளிவு. காட்சியில் இருவர் இருந்தால் நீங்கள் யார் என்பது உடனே விளங்க வேண்டும். எதிரில் நடிப்பவர் உங்களை விஞ்சி நின்றால், அவருக்கு வாய்ப்புத் தேடிக் கொடுத்தவராவீர்கள்! முகம் நன்கு தெரிய வேண்டும். குரல் நன்கு கேட்க வேண்டும். ஆரவார இசையைப் பின்னே ஓடவிட்டு, நடப்பதும் திரும்புவதும் தலைமயிரைக் கோதுவதுமாகத் துணுக்குகளை அடுக்குவோர் உண்டு. அதிலிருந்து தொகுத்தவரின் திறமை தெரியலாம். நடிகரின் திறமை தெரியாது.

மூன்றாவது, கேட்கும் முகம். விவியன் லீயின் தேர்வை நினைவு கொள்ளுங்கள். நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பதைவிட, எதிரில் இருப்பவர் சொன்ன ஒரு சொல் உங்கள் முகத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் காட்டும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். காட்சியின் தொடக்கத்தில் இருந்த மனிதர் முடிவில் சற்றேனும் மாறியிருக்க வேண்டும்.

நான்காவது, உண்மை. நம் பேச்சு வழக்கில் 'ரீல் விடுதல்' என்றால் பொய் சொல்லுதல் என்று பொருள். நடிப்புச் சுருள் மட்டும் அந்த வகையைச் சேர்ந்த ரீலாக இருக்கக்கூடாது. பத்தாண்டுக்கு முந்தைய முகத்தைக் காட்டி அழைப்புப் பெற்றால், நேரில் வரும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வயதுக்கும் குரலுக்கும் வட்டார வழக்குக்கும் பொருந்தும் பாத்திரங்களை முதலில் காட்டுங்கள். நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ உங்கள் நாவில் இயல்பாக வருமானால், அதை மறைக்க முயலாதீர்கள். கார்போவின் உச்சரிப்பைப் பற்றித் தேர்வாளர்தாம் அஞ்சினார்கள், மக்கள் அஞ்சவில்லை.

இவ்வளவும் செய்த பின்னும் வாய்ப்புக் கிடைக்காமற் போகலாம். அப்போது ஆன்னா மே வாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்ட ஒவ்வொரு தேர்வும் நடிகரின் குறையைக் காட்டுவதில்லை. சிலவேளை அது தேர்வு செய்தவரின் குறையையே காட்டுகிறது. 'தி குட் எர்த்' படத்துக்காக எடுக்கப்பட்ட தேர்வு இன்று ஆன்னா மே வாங்கைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும், அவரை மறுத்த காலத்தைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது.

உங்களுள் சிலர் நடிகராகாமல், நாளை தேர்வு செய்யும் இடத்தில் அமரவும் கூடும். இயக்குநராகலாம், தயாரிப்பாளராகலாம், ஓர் அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பவராகவும் ஆகலாம். அங்கேயும் உங்கள் முன் ஒருவர் சில நிமிடங்களில் தம்மை நிரூபிக்க முயன்றுகொண்டிருப்பார். வைலர் டிக்கின்சனிடம் கேட்டுக்கொண்டதை அப்போது நினைவில் வையுங்கள். பாடம் ஒப்பித்து முடிந்த பின்னும் இன்னும் சில நிமிடங்கள் படக்கருவியை ஓடவிடுங்கள். அந்தப் பொறுமை இல்லாமற் போயிருந்தால், 1951-இல் பைன்வுட்டில் நடந்தது இன்னுமொரு தேர்வாக மட்டும் முடிந்து, அச்சுருள் ஏதோ ஒரு பெட்டியில் உறங்கியிருக்கும்.